தொழிலாளியின் இடுப்பில் ரிவால்வரைக் கட்டாதீர்கள்

கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவில் காட்டை ஒட்டிக் குடியிருக்கும் குடும்பங்களுக்கெல்லாம் கைத்துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ரைபிளைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாது, ரிவால்வர் என்றால் இடுப்போடு கிடக்கும், கரடி வந்தால் உருவிச் சுடலாம் என்பது அவர் வாதம். அலாஸ்காவில் இது நிரூபணமான விஷயம் என்று துணைக்கு ஒரு புள்ளிவிவரமும் வைக்கிறார். மலையில் வேலை செய்கிறவர்களின் உயிரைப் பற்றி இவ்வளவு பொறுப்பில்லாமல் யாரும் எழுதி நான் படித்ததில்லை.

முதலில் கரடி. நம் மலைக்கரடியின் தீனி கறையான், எறும்பு, தேன், பழம். புற்றுக்குள் மூஞ்சியை நுழைத்து உறிஞ்சும்போது அந்தச் சத்தம் தூரத்தில் நிற்பவருக்கும் கேட்கும், ஆள் நடந்து வரும் ஓசை மட்டும் அதன் காதில் விழாது. பார்வையும் மந்தம். பகலில் உண்ணிப் புதருக்குள் படுத்துக் கிடக்கும். ஏறக்குறைய அதை மிதிக்கிற தூரத்துக்கு நாம் போன பிறகுதான் அதற்கு நம்மைத் தெரியும். தெரிந்த அடுத்த கணம் பாயும். புலியோடு ஒரே காட்டில் காலங்காலமாக வாழ்ந்து, எதிர்த்து நின்றே பிழைத்த விலங்கு அது. எழுந்து நின்று முன்னங்கால் நகங்களால் முகத்தையும் தலையையும் கிழிக்கும். 1989 முதல் 1994 வரை மத்தியப் பிரதேசத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் கரடியிடம் சிக்கினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. மற்றவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள். கண் போனவர்களும் முகம் சிதைந்தவர்களும் அவர்களில் உண்டு. பத்து மீட்டர் தூரத்தைக் கரடி ஒன்றிரண்டு விநாடியில் கடந்துவிடும். கட்டுரையாளரின் யோசனை முழுவதும் அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள் நடந்து முடிய வேண்டும்.

நடக்குமா? கொழுந்து எடுக்கும் பெண்ணை ஒருமுறை அருகில் நின்று பார்த்திருந்தால் அவர் இதை எழுதியிருக்க மாட்டார். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார். பனி நனைக்காமல் இருக்கவும், கிளை குத்தாமல் இருக்கவும், அட்டை ஏறாமல் இருக்கவும் அந்தப் படங்கு. முதுகில் கொழுந்துச் சாக்கு. இரண்டு கையிலும் கத்தரி. மழை நாளில் தலையிலிருந்து இன்னொரு பிளாஸ்டிக் தாள் தொங்கும். காலுக்குக் கீழே வழுக்கும் சரிவு. இதில் ரிவால்வர் எங்கே இருக்கும்? படங்குக்கு உள்ளே என்றால் கயிற்றை அவிழ்க்க வேண்டும். வெளியே என்றால் நாள் முழுக்க நனையும். இருபது பேர் ஒரே நிரையில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற இடத்தில், பதறிய ஒரு கை சுடும் குண்டு யார்மேல் பாயும் என்று கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே நடந்ததை அவர் நினைத்துப் பார்க்கட்டும். இருசக்கர வாகனத்தில் மசாலா விற்கப் போனவரைக் கரடி கீழே தள்ளி முகத்தைக் கடித்தது. காப்பாற்றப் போனவர்களையும் தாக்கியது. சுற்றிலும் ஊரே கூடிக் கல்லெறிந்து கத்தியது. அந்தக் கூட்டத்தில் பத்துப் பேரிடம் கைத்துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கீழே கிடக்கிறவரும் அவர்மேல் கிடக்கிற கரடியும் ஒரே குறியில் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் நிற்கிறது.

பயிற்சி கொடுத்தால் போதும் என்கிறார். பயிற்சி பெற்றவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2025 ஜனவரியில் மானந்தவாடி பஞ்சாரக்கொல்லியில் புலியைத் தேடிப் போன வனத்துறையின் அதிவிரைவுப் படையில் ஒருவரையே புலி தாக்கிக் காயப்படுத்தியது. ஆயுதம் ஏந்திய குழுவின் நடுவில், கையில் தடுப்புக் கேடயத்தோடு இருந்தவர் அவர். அதே ஆண்டு மார்ச் 17 அன்று நம் மாவட்டத்தில் வண்டிப்பெரியாறு அருகே, காயம்பட்ட புலிக்கு மயக்க ஊசி போட்ட பிறகும் அது குழுவின் மீது பாய்ந்தது. உயிரைக் காத்துக்கொள்ள அவர்கள் சுட வேண்டியதாயிற்று. புலி இறந்தது. இவர்கள் நீண்ட துப்பாக்கியோடும் தலைக்கவசத்தோடும், விலங்கு அங்கே இருக்கிறது என்று தெரிந்தே போனவர்கள். விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவருக்கு இவற்றில் எது இருக்கிறது?

இனி அலாஸ்கா. அவர் காட்டும் ஆய்வு 2012இல் வெளியானது. 1883 முதல் 2009 வரையிலான 269 கரடிச் சம்பவங்களை அது எடுத்துக்கொண்டது. கைத்துப்பாக்கி பயன்பட்ட 37 சம்பவங்களில் 84 விழுக்காடு கரடி தடுக்கப்பட்டது என்பது உண்மை. அதே ஆய்வின் முக்கியமான முடிவை அவர் ஏன் மறைத்தார்? துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம் ஏற்படுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். துப்பாக்கி உதவாமல் போனதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் முன்னால் நிற்பது நேரமின்மை. அவர்களில் சிலர் பங்கேற்று 2008இல் வெளியிட்ட ஆய்வில், கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் பழுப்புக் கரடிகளிடம் பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் பலித்திருந்தது. அதைப் பற்றியும் மூச்சில்லை. தனக்கு வேண்டிய எண்ணை மட்டும் பிய்த்தெடுத்து வாசகரிடம் நீட்டுவது ஏமாற்று வேலை.

அலாஸ்காவில் கரடிக்காக இடுப்பில் செருகுவது .44 மேக்னம் போன்ற கனத்த ரகம். அங்கே மரமில்லாத வெளியில் கரடியைத் தொலைவிலேயே பார்த்துவிடும் வாய்ப்பும் உண்டு. நம் நாட்டில் உரிமம் வாங்கும் குடிமகனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 ரிவால்வர். .38, 9 மி.மீ. வகைகள் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. .32 குண்டின் விசை .44 மேக்னம் குண்டினுடையதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அடர்ந்த மயிரும் தடித்த தோலும் உள்ள, வெறிகொண்டு பாயும் கரடியை அதனால் நிறுத்திவிடலாம் என்று நம்புவது, காயம்பட்ட கரடியோடு அந்தப் பெண்ணைத் தனியே விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

தற்காப்பைச் சட்டம் தடுக்கிறது என்று இன்னொரு பொய். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பிரித்துப் படிக்கட்டும். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் அது குற்றமில்லை என்று அங்கேயே இருக்கிறது. முதல் அட்டவணையில் உள்ள கரடிக்கும் அது பொருந்தும். அதே சட்டம் சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டுபோவதைத் தடுக்கிறது. மறையூரிலிருந்து உடுமலைக்குப் போகும் சாலை சின்னார் சரணாலயத்துக்கு உள்ளேதான் போகிறது. இடுப்பில் ரிவால்வரோடு பஸ் ஏறினால் என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டல்லவா அவர் எழுதியிருக்க வேண்டும்!

ஒரு ரிவால்வரின் விலை தொழிலாளியின் பல மாதக் கூலி. 2016 ஆயுத விதிகள் பயிற்சிச் சான்றும், பத்திரமாக வைக்கும் ஏற்பாடும் கேட்கின்றன. ஒரே அறையும் அடுப்படியும் உள்ள லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டில் எங்கே பூட்டி வைப்பது? பிள்ளைகள் தூங்கும் இடத்திலா? சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து சண்டை போடும் வீடுகளைத் தெரிந்தவர் எவரும் அந்த அறைக்குள் துப்பாக்கியை அனுப்பத் துணிய மாட்டார். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் கரடி காட்டுக்குள்ளேயே இருக்குமா?

இந்தத் தாலுகாவில் அதிகம் பயப்பட வேண்டியது யானைக்கு. 2024 பிப்ரவரி 26 இரவு கன்னிமலை எஸ்டேட்டில் ஆட்டோவைக் கவிழ்த்து ஓட்டுநரைக் கொன்றது யானை. அங்கே எந்தக் கைத்துப்பாக்கியும் பயன்பட்டிருக்காது. யானை எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு விளக்கு பயன்பட்டிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் வால்பாறையில் 2011 முதல் இது நடக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் வனத்துறையும் சேர்ந்து யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் சொல்கிறார்கள். மேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் அன்று அந்தப் பாதையில் போவதில்லை. உயிரிழப்பு குறைந்தது. யாரும் எதையும் சுடவில்லை.

கட்டுரையாளரின் யோசனையில் எனக்குப் பெரிய கோபம் வேறொன்றில். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பையும் கழிப்பறையையும் குடிநீரையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. மனித-வனவிலங்கு மோதலை 2024 மார்ச்சில் கேரள அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இருக்கிறது. கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் அந்தப் பொறுப்பு முழுவதும் தொழிலாளியின் தலைக்கு மாறிவிடும். நாளை ஒருவரைக் கரடி கிழித்தால், உரிமம் வாங்காமல் ஏன் இருந்தாய் என்று கேட்பார்கள். 2015இல் மூணாறு சாலையில் உட்கார்ந்து கூலியும் போனசும் கேட்ட பெம்பிளை ஒருமை இயக்கத்துத் தோட்டப் பெண்கள் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துதான் கேட்டார்கள்.

லயத்துக்கும் மலைக்கும் இடையிலுள்ள பாதையின் இரு பக்கமும் உண்ணிப் புதரை வெட்ட எத்தனை ஆள், எத்தனை நாள் என்று எந்தக் கங்காணியிடம் கேட்டாலும் நின்ற இடத்தில் சொல்லிவிடுவார். தெருவிளக்கு எத்தனை எரியவில்லை, கழிப்பறைக்கு எத்தனை வீடு இருட்டில் வெளியே நடக்கிறது, அதிவிரைவுப் படையின் வண்டி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் லயத்தில் உள்ளவர்களே சொல்வார்கள். கட்டுரையாளர் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு முதலில் எஸ்டேட் ஆபீசுக்கும், பிறகு பைனாவு கலெக்டர் ஆபீசுக்கும் போகட்டும். அங்கே கிடைத்த பதிலை எழுதினால் நான் படிக்கிறேன்.