மரங்களுக்குக் கணக்கு உண்டு, கிராம சபைக்கு?

முதுமலைக் காட்டுக்குள் 50 ஹெக்டேர் பரப்பில் ஓர் ஆய்வு நிலம் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1988-இல் அதை அளந்து, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் கொடுத்தார்கள். அன்றைக்கு இருந்தவை ஏறத்தாழ 25 ஆயிரம். அன்று முதல் எது பட்டுப்போனது, எது புதிதாகத் தலையெடுத்தது என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப அளக்கிறார்கள். யானை முறித்த மரத்துக்கும் தீயில் கருகிய மரத்துக்கும் பதிவேட்டில் தனித்தனி வரி உண்டு. அந்த மரங்களின் கதியை முடிவு செய்யும் மனித ஏற்பாடுகளுக்கு இப்படியொரு பதிவேட்டை நாம் தொடங்கவில்லை. தீத்தடுப்புக் கோடு வெட்டுவது யார், தேன் எடுக்கும் உரிமை எந்தக் குடும்பத்துக்கு, கிராம சபை கூடி எடுத்த முடிவை வனச்சரக அலுவலகம் ஏற்றதா, ஒதுக்கியதா என்பதையெல்லாம் அதே பொறுமையோடு முப்பது ஆண்டு பின்தொடர எவரும் நிதி ஒதுக்கியதில்லை. காட்டு ஆளுகையை ஆராய்வோருக்கு நாம் பணம் தரும் முறையும், அவர்களை உருவாக்கும் முறையும், அவர்கள் ஆராயும் பொருளின் கால அளவோடு பொருந்தவில்லை. இந்தத் துறையின் அடிப்படைக் கோளாறு இதுதான்.

ஆளுகை என்றால் வனத்துறை நிர்வாகம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டாலும் காப்புக்காடு, தேயிலைத் தோட்டம், வருவாய்த் துறைப் புறம்போக்கு, பட்டா நிலம், யானை வழித்தடம் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். கூடலூர் ஜென்ம நிலங்களுக்காக 1969-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்கள் யாருக்கு என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. 2006-இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம், தன் எல்லைக்குட்பட்ட காட்டைக் காத்து மேலாண்மை செய்யும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்கியது. தமிழ்நாட்டிலோ 2008 முதல் 2016 வரை நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு, பட்டா வழங்குவதைக் கட்டிப்போட்டிருந்தது. சட்டம், நீதிமன்றம், துறை, ஊர், சந்தை ஆகிய ஐந்தும் சேர்ந்து ஒரு காட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பதை ஒரு கோடை விடுமுறைக் களப்பயணத்தில் அறிந்துவிட முடியாது.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையே சான்று. அங்கு வாழும் சோளகர்கள் கோடையின் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ வைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். காட்டை அழிக்கும் செயல் என்று அதற்குத் தடை வந்தது. வனவிலங்குச் சட்டத்தில் 2002-இல் செய்யப்பட்ட திருத்தத்தை அடுத்து, விற்பனைக்கு நெல்லிக்காயும் தேனும் எடுப்பதும் நிறுத்தப்பட்டது. காடு தேறவில்லை. 1997-க்கும் 2008-க்கும் இடையில் உண்ணிச்செடி பரவிய இடங்கள் ஏறத்தாழ இரு மடங்காயின. தீ நின்றதால்தான் நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்று சோளகர்கள் சொன்னபோது அது கேட்பதற்கு வினோதமாகவே இருந்தது. காய் பறிக்கப் போகும்போதே கிளையில் ஒட்டியிருக்கும் புல்லுருவியை வெட்டி எறிவது அவர்கள் வழக்கம். பறிப்பதை நிறுத்தியபோது அந்த வேலையும் நின்றுபோனது. பத்தாண்டுக்கும் மேலாக அதே மரங்களைத் தொடர்ந்த ஆய்வுகள், நெல்லியின் சரிவில் காய் பறிப்பதைவிடப் புல்லுருவிக்கும் உண்ணிச்செடிக்குமே பெரிய பங்கு இருப்பதைக் காட்டின. மூன்று ஆண்டுத் திட்டத்தோடு வந்த ஆய்வாளர் என்ன கண்டிருப்பார்? காய் பறிக்கிறார்கள், மரம் குறைகிறது என்ற இரண்டையும் கண்டு, ஒன்றுக்கு மற்றது காரணம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அந்தத் தவறான முடிவு ஓர் அரசாணையாகவும் மாறியிருக்கும்.

இது ஓரிடத்தில் மட்டும் நேர்ந்த விபத்தில்லை. 1970-களின் நடுவில் கர்நாடகத்தில் மூங்கில் அழிவதைப் பற்றி மாதவ் காட்கிலும் அவருடைய மாணவர் நரேந்திர பிரசாத்தும் ஆராய்ந்தார்கள். கூடை முடைவோர் சந்தையில் ஒரு டன் மூங்கிலுக்கு 3,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், காகித ஆலைக்கு அது ஒன்றரை ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. வெட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று மூங்கில் புதரின் அடியில் இருந்த முட்களை அப்புறப்படுத்தச் சொல்லியிருந்தது துறை. முள் போன பிறகு இளங்குருத்துகளை மாடும் காட்டுவிலங்கும் தின்று தீர்த்தன. ஊர்க்காரர்கள் முன்பே அறிந்திருந்த செய்தி அது. அவர்களோடு புதர் புதராக நடந்த பிறகுதான் ஆய்வாளர்களுக்கும் பிடிபட்டது. ஒன்றரை ரூபாய் என்ற விலையை ஒரு கோப்பிலிருந்து எடுத்துவிடலாம். முள்ளின் பயனை அறிய ஆசிரியரும் மாணவரும் களத்தில் சேர்ந்து இருந்தாக வேண்டும். நிதியையும் வழிகாட்டலையும் இரண்டு தனிப் பிரச்சினைகளாகப் பார்க்க முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த இரண்டையும் இணைத்த முன்மாதிரி ஒன்று உலகில் உண்டு. எலினார் ஆஸ்ட்ரம் 1992-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய காட்டு வளங்களும் நிறுவனங்களும் குறித்த சர்வதேச ஆய்வுத் திட்டம் அது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்ட வேலை. பல நாடுகளில் உள்ளூர் ஆய்வு மையங்களைத் தேர்ந்து, எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, அதைப் பயன்படுத்தும் முறையைக் கற்பித்து, சில ஆண்டு இடைவெளியில் அதே ஊருக்கும் அதே காட்டுக்கும் திரும்பப் போக வைத்தார்கள். காட்டின் மரங்களை அளப்பவரும் ஊரின் விதிகளை எழுதுபவரும் ஒரே குழுவில் இருந்தார்கள். அதனால்தான் 2009-இல் அஷ்வினி சத்ரேவும் அருண் அகர்வாலும் 10 நாடுகளின் 80 பொதுக்காடுகளை ஒப்பிட்டு, காடு பெரிதாக இருந்து, விதி வகுக்கும் உரிமையும் ஊரிடம் இருந்தால் கரிமச் சேமிப்பும் வாழ்வாதாரமும் சேர்ந்தே உயர வாய்ப்புண்டு என்று சொல்ல முடிந்தது. இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பகுதியில் பல பத்தாண்டுகளாக அரசு மரம் நட்டதால் காட்டின் மேற்கவிகை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று 2021-இல் வந்த ஆய்வும் நீண்டகாலத் தரவில் விளைந்ததே. 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்டெடுப்பதாக 2019-இல் உலகுக்கு வாக்குக் கொடுத்த நாடு, நட்டது பிழைத்ததா, அதைக் காக்க ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கும் ஆள் வைத்திருக்க வேண்டாமா?

நம் ஏற்பாடு எப்படி இருக்கிறது? இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. ஐந்தாவது ஆண்டோடு முடிந்துவிடும். பாடநெறி, தலைப்புப் பதிவு, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நுழையத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி என்று காலம் ஓடியபின், களத்துக்கு மிஞ்சுவது கொஞ்சமே. பட்டம் கிடைத்ததும் அந்த ஊரோடு இருந்த உறவு அறுந்துபோகிறது. அடுத்து வருபவர் முதல் வீட்டுக் கதவிலிருந்து மறுபடி தொடங்குகிறார். வெளிநாட்டு நிதியை நம்பியிருந்த சிறு களக்குழுக்களுக்கு 2020-இல் இன்னொரு அடி விழுந்தது. அந்த ஆண்டுச் சட்டத் திருத்தம், ஒரு அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்குப் பகிர்வதைத் தடுத்ததோடு, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்தது. 2023-இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையோ, சமூக அறிவியலை அறிவியல் தொழில்நுட்பத்தோடு தொட்டுக்கொள்ளும் அளவில்தான் ஏற்கிறது. காட்டு ஆளுகை அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் துறை. உரிமை கோர வேண்டிய இடம் அது. இதுவரை இரு பக்கத்தாரும் தம் பிள்ளையில்லை என்று கைவிட்ட இடமும் அதுதான்.

பணம் இல்லை என்பது மெய்யான காரணமாகாது. வன நிலத்தை வேறு பயனுக்கு எடுப்போர் செலுத்திய ஈட்டுத்தொகை குவிந்துகிடந்து, 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் பிரித்தளிக்கப்பட்டது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 47 கோடி. உதவித்தொகை, பயணம், களத் தங்கல், உள்ளூர் உதவியாளர் ஊதியம் எல்லாம் சேர்த்து ஓர் ஆய்வாளருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் என்று கணக்கிட்டாலும், 47 பேரைப் பத்து ஆண்டு களத்தில் வைத்திருக்கலாம். இந்தத் தொகையை ஆளுக்கு ஆள் பிரிக்காமல் இடத்துக்கு இடம் பிரிக்க வேண்டும் என்பது என் வாதம். பதினைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் பதினைந்து ஆண்டு என்று உறுதி கொடுக்கலாம். மாணவர்கள் வருவார்கள், போவார்கள். குறிப்பேடும் உள்ளூர் உதவியாளரும் கிராம சபையோடான உடன்பாடும் அங்கேயே இருக்கும். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொட வேண்டும்.

வழிகாட்டலுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். பல்கலைக்கழக நெறியாளர் முறையைச் சரிபார்ப்பார், எழுத்தைத் திருத்துவார். சோளகர் ஊரில் எந்த முதியவரை எப்போது பார்ப்பது, எந்தக் கேள்வியைப் பலர் முன்னிலையில் கேட்கக் கூடாது என்பது அவருக்கே தெரியாமலிருக்கலாம். எனவே ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஊரிலும் ஒரு நெறியாளர் வேண்டும்; அவருக்கு மதிப்பூதியமும் கட்டுரையில் பெயரும் வேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேந்தா-லேகா கிராமம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. 2009-இல் சமூக வன உரிமை பெற்ற அந்த ஊரில், முடிவெடுக்கும் கிராம சபை வேறு, பொருளைக் கற்று விவாதிக்கும் படிப்பு வட்டம் வேறு. வெளியிலிருந்து வருவோர் படிப்பு வட்டத்தில் உட்கார்ந்து பேசலாம், கேட்கலாம்; முடிவு மட்டும் ஊருடையது. ஆய்வு மாணவர் தன் முடிவுகளை ஆங்கில இதழுக்கு அனுப்பும் முன், அந்த ஊர்மொழியில் இப்படியொரு வட்டத்தின் முன் வைத்தாக வேண்டும் என்பதை நிதியின் நிபந்தனையாக்கலாம். நாளடைவில் மலைக் கிராமத்துப் பட்டதாரிகளே முதன்மை ஆய்வாளர்களாக வருவதற்கும் இதுவே வாசல்.

இதற்கு எழும் மறுப்புகள் லேசானவை இல்லை. ரேஷன் கடைக்கு எட்டு கிலோமீட்டர் நடக்கும் ஊருக்கு ஆய்வு எதற்கு, அந்தப் பணத்தை அவர்களிடமே கொடுங்கள் என்பது முதலாவது. நியாயமான கோபம். ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பதால் மீதி 999 பங்கு சரியாகச் செலவாகிவிடாது. அது யாருடைய நிலத்தில், யாருடைய ஒப்புதலோடு செலவானது என்பதை ஊர் கேட்க ஆதாரம் வேண்டும். ஆய்வு தருவது அந்த ஆதாரத்தைத்தான். இரண்டாவது மறுப்பு, அரசுப் பணத்தில் அரசையே ஆராய முடியுமா என்பது. வனத்துறையே நிதி தந்து, அனுமதியும் தந்து, அறிக்கையையும் வாங்கிக்கொண்டால் முடியாதுதான். தேர்வு செய்வது ஆய்வு அறக்கட்டளை போன்ற வெளிக்குழுவாக இருக்க வேண்டும். அனுமதி மனுவுக்குக் காலக்கெடுவும், மறுத்தால் எழுத்தில் காரணமும் வேண்டும். முடிவை வெளியிட யாரிடமும் ஒப்புதல் கேட்கும் நிலை இருக்கக் கூடாது. அதே சமயம் துறை அதிகாரிகளை வெளியே நிறுத்துவதும் தவறு. ஆய்வில் ஆர்வமுள்ள வனப்பணி அதிகாரிக்குப் படிப்பு விடுப்பும், திரும்பி வந்து அதைப் பயன்படுத்தும் பணியிடமும் கொடுத்தால் துறைக்கே லாபம்.

பதினைந்து ஆண்டு உறுதி கொடுத்தால் ஆய்வாளர்கள் மெத்தனமாகிவிடுவார்கள், ஊரோடு ஒன்றிப்போய் நடுநிலை இழப்பார்கள் என்பது மூன்றாவது. மெத்தனத்துக்கு மருந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியார் மதிப்பீடு; தேறாத இடத்தை மூடிவிடலாம். நடுநிலைக்கு மருந்து, எல்லா இடங்களிலும் பொதுவான கேள்விகளும், ஓர் இடத்தின் குழு இன்னோர் இடத்தின் தரவைச் சரிபார்க்கும் வழக்கமும். ஊருக்குள்ளேயும் பெண்களின் குரல் அமுங்குவதையும், தரகரோடு சேர்ந்துகொள்ளும் தலைவரையும், கூடாத கூட்டத்துக்குப் போட்ட கையெழுத்தையும் எழுதத் துணிவது நீண்ட நாள் பழகிய ஆய்வாளரால்தான் முடியும். இரண்டு வார விருந்தாளியிடம் எந்த ஊரும் தன் அழுக்கைக் காட்டுவதில்லை.

பிலிகிரிரங்கன் மலையில் 2011-இல் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுவே முதல்முறை. அந்த 25 சபைகளும் அன்று முதல் எத்தனை முறை கூடின, எதை முடிவு செய்தன, எந்த முடிவு நடந்தது என்ற வரிசை அன்றைக்கே தொடங்கியிருந்தால், இன்று வன உரிமைச் சட்டத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் அதே தரவை வைத்து வாதாடியிருப்பார்கள். தமிழ்நாடு தன் பங்குக்குச் சத்தியமங்கலத்திலும் கூடலூரிலும் இரண்டு இடங்களோடு தொடங்கலாம். முதல் ஐந்து ஆண்டுகளில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்காமல் போகலாம்; நிதி தருவோர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். முதுமலையிலும் முதல் கணக்கெடுப்பு முடிந்தபோது கையில் இருந்தது மரங்களின் பட்டியல் மட்டுமே. இரண்டாம் முறை போய் அளந்தபோதுதான் அந்தப் பட்டியல் பேசத் தொடங்கியது.