இன்னிக்கு என்ன கிழமை? மூணாம் நாள்!



ப்ளஸ் டூ முடிச்சதும் நம்ம செட்டுல பாதிப்பேருக்கு மேல போய்ச் சேரப்போறது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஏதோ ஒரு கலை அறிவியல் கல்லூரியில்தான். 1990-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நம்ம அபிஷேகப்பட்டியில் இருக்கு. கல்லூரிக்குப் போனதும் முதல்ல குழப்புறது பாடம் இல்லையாம், டைம்டேபிளாம். அங்கே டைம்டேபிளில் திங்கள், செவ்வாய் என்று எழுதியிருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை நம்பர்தான் இருக்கும். இதற்கு 'டே ஆர்டர்' என்று பேர்.

கணக்கு இதுதான். வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு, ஒரு நாளைக்கு 5 மணி நேரம் என்றால் ஆறு நாள். ஆனால் கல்லூரி நடப்பது பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரைதான். இந்தத் திங்கள் முதல் நாள் என்றால் வெள்ளி ஐந்தாம் நாள். ஆறாம் நாள் அடுத்த திங்கள்கிழமைக்குப் போயிடும், மறுபடி முதல் நாள் செவ்வாய்க்கிழமை வரும். நடுவில் புதன்கிழமை லீவு விட்டால் அன்றைக்கு வரவேண்டிய நம்பர் வியாழனுக்கு நகரும். கிழமை போனாலும் நம்பர் போகாது.

இதை யார் கண்டுபிடித்தாரோ, அவர் கெட்டிக்காரர். நம்ம பள்ளியையே பாருங்க. லைப்ரரி பீரியடு வெள்ளிக்கிழமை கடைசி. 2025-இல் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை, மூணே வாரத்தில் செப்டம்பர் 5 மிலாடி நபி, அதுவும் வெள்ளிக்கிழமை. அப்புறம் காலாண்டுப் பரீட்சை. லைப்ரரி புத்தகம் தூசி தட்ட ஆள் இல்லாமல் கிடந்தது. (புனித வெள்ளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது வேற கிழமையில் வந்ததே இல்லை!) 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தப்போ பள்ளி, கல்லூரி எல்லாம் மூடிக் கிடந்தன. நமக்கு அந்த நாளோட பீரியடு எல்லாம் போனது போனதுதான். டே ஆர்டர் உள்ள கல்லூரியோ எந்த நம்பரில் நின்றதோ அந்த நம்பரில் திறக்கும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், ஆறால் வகுத்தால் 15 சுற்று. எல்லாப் பாடத்துக்கும் நியாயமான பங்கு.

பாடத்துக்கு நியாயம், சரி. படிக்கிற ஆளுக்கு?

எங்க அக்கா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் படிக்கிறா. பேர் வேண்டாம். வீட்டில் அம்மாவும் அவளும் பீடி சுத்துறாங்க. அக்கா பீஸில் பாதி அந்தக் காசுதான். முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. ரெண்டாம் நாளும் அஞ்சாம் நாளும் அவளுக்கு லேப், அன்னிக்கு மட்டும் சாயங்காலம் வரை இழுத்துரும். பீடிக்கடையில் கட்டு கொடுக்கிற நாளோ வியாழன். ஒரு வாரம் லேப் வியாழனில் வராது, அடுத்த வாரம் வரும், அப்புறம் ஒரு லீவு விட்டால் எல்லாம் மாறிப்போகும். ராத்திரி காலண்டரையும் கையேட்டையும் பக்கத்தில் வச்சுக்கிட்டு விரலை மடக்கி எண்ணுவா. "கடைக்காரர்ட்ட போயி, அண்ணாச்சி, இந்த வாரம் வியாழக்கிழமை அஞ்சாம் நாளு, வெள்ளிக்கிழமை தாரேன்னு சொன்னா சிரிப்பாவ" என்கிறா. லேபை விட்டுட்டு வரவும் முடியாது, 75 சதவீத வருகை வேணும்.

ஊர் உலகம் கிழமையில்தான் ஓடுது. மேலப்பாளையம் சந்தை செவ்வாய்க்கிழமை கூடும், நாலாம் நாள் கூடாது. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் அரை நாள் வேலை கேட்டால் "எந்தெந்தக் கிழமை வருவ?"ன்னுதான் கேட்பாங்க. பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, ரெண்டு இடத்தில் பாடம் எடுத்துப் பிழைக்கிற ஆசிரியர்களுக்கும் இதே பாடுதான். இங்கே மூணாம் நாள் என்றால் அங்கேயும் மூணாம் நாளாக இருக்குமா என்ன?

2006 முதல் அரசுக் கலைக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருந்தது, காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். அதை விட்டுட்டுப் பழையபடி நடத்த 2020-இல் அரசு முடிவெடுத்தது. ஷிப்டில் ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் வேலைக்குப் போகிற பிள்ளை கையில் தினமும் அரை நாள் உறுதியாக இருந்தது. அது போனதுக்கு ஈடாக எதுவும் வரலையே என்பதுதான் என் ஆதங்கம்.

அதனால் என் கருத்து: டே ஆர்டரை எடுக்கவேண்டாம். அதில் ஒரே ஒரு ஆணி அடிக்கணும். வாரத்தில் ஒரு மதியம், கிழமை சொல்லி, எல்லாக் கல்லூரிக்கும் ஒரே கிழமையாக, வகுப்பும் லேபும் இல்லாமல் விடணும். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காகப் புதன்கிழமை மதியத்தை இப்படித்தான் காலியாக வைத்திருக்கின்றன. நம்ம ஊரில் அது விளையாட்டுக்கும் ஆகும், பீடிக்கடைக்கும் ஆகும், ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகவும் ஆகும். லேப் நம்பர் அந்த மதியத்தில் விழுந்தால் அன்னிக்கு லேபை மட்டும் மறுநாள் மதியத்துக்குத் தள்ளலாம். குழப்பம் வரும் என்பார்கள். கையேட்டில் செமஸ்டர் முழுசுக்கும் நம்பர் அச்சடிக்கிறவங்களுக்கு இது ஒரு வேலையா? இன்னொன்று, விட்டுப்போன நாளுக்குச் சனிக்கிழமை கல்லூரி வைப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்னாடியே சொல்லணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னால், சனிக்கிழமை சம்பளத்தை நம்பியிருக்கிறவன் என்ன செய்வான்?

நம்ம பள்ளிக்கும் ஒரு விண்ணப்பம். முழு டைம்டேபிளையும் மாற்றச் சொல்லலை. லைப்ரரி பீரியடையும் பி.டி. பீரியடையும் மட்டும் அரையாண்டு வரை டே ஆர்டரில் விட்டுப் பார்க்கலாம். தினமும் காலையில் இந்தப் பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸில் அன்றைய நம்பரை எழுதுற வேலையை நான் எடுத்துக்கிறேன்.