வண்டிப் பராமரிப்பு: ஹார்ன் ஊமையானால்...



தோட்டத்துச் சாலை எப்படிப்பட்டது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருபுறமும் ரப்பர் மரங்கள் அல்லது செம்பனை. வளைவுக்கு அப்பால் வருவது லாரியா, மோட்டார் சைக்கிளா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளா என்று தெரியாது. அங்கே நமக்காகப் பேசுவது ஹார்ன் ஒன்றுதான். அது ஊமையானால், சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

தாத்தா ஓட்டிய மோரிஸ் மைனர் காரைப் பேரப்பிள்ளைகள் இன்றும் பேணி வரும் வீடுகள் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948-ல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. 16 லட்சத்துக்குக் குறையாமல் செய்தார்கள். வயதான வண்டியல்லவா, ஹார்ன் அவ்வப்போது மக்கர் செய்யும். உடனே புது ஹார்ன் வாங்க ஓடாதீர்கள். பல சமயங்களில் குற்றம் ஹார்னில் இருக்காது. கம்பியிலோ பொத்தானிலோ இருக்கும்.

முதலில் மின்சாரம் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக, ஊதா நிறக் கம்பியில் மின்சாரம் எந்நேரமும் ஹார்னில் வந்து காத்திருக்கிறது. சாவி போடாமலே ஹார்ன் அடிப்பது இதனால்தான். ஹார்னின் மறுமுனையிலிருந்து, கறுப்புக் கோடு போட்ட பழுப்புக் கம்பி பொத்தானுக்குப் போகிறது. பொத்தானை அழுத்தினால் அந்தக் கம்பிக்கு வண்டியின் இரும்பு உடம்போடு தொடர்பு, அதாவது 'எர்த்', கிடைக்கிறது. உடனே ஹார்ன் ஒலிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. (இடையில் யாராவது கம்பி மாற்றியிருந்தால் நிறம் வேறாக இருக்கலாம்; கம்பி போகும் வழியைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.)

12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளை இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரிசையாகப் பார்ப்போம்.

1. பியூஸ் பெட்டியில் ஏ1, ஏ2 என்று குறித்த இடங்களுக்கு நடுவே உள்ளது 35 ஆம்பியர் பியூஸ். அது எரிந்திருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைக்கவே வேண்டாம். பியூஸுக்குப் பதில் கம்பி எரியும், வண்டியே தீப்பிடிக்கலாம். புது பியூஸும் எரிந்தால், ஊதாக் கம்பி எங்கோ தோலுரிந்து இரும்பைத் தொடுகிறது என்று பொருள்.

2. பல்பின் ஒரு கம்பியை ஹார்னில் ஊதாக் கம்பி சேரும் முனையிலும், மற்றதைச் சுரண்டிய சுத்தமான இரும்பிலும் வையுங்கள். பல்பு எரியாவிட்டால் கோளாறு பியூஸ் பக்கம். அங்குள்ள முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் இது சகஜம். உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள்.

3. பல்பு எரிந்தால், பழுப்புக் கம்பி சேரும் முனையை ஒரு துண்டுக் கம்பியால் இரும்போடு தொடுங்கள். ஹார்ன் ஒலித்தால் அது நல்ல ஹார்ன். கோளாறு பொத்தானில் அல்லது அதற்குப் போகும் கம்பியில். பொத்தானைக் கழற்றித் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யுங்கள். ஊதாக் கம்பியின் முனையை மட்டும் மறந்தும் இரும்போடு தொடாதீர்கள், பியூஸ் போய்விடும்.

4. அப்போதும் ஒலிக்காமல் 'டக்' என்று மட்டும் கேட்டால், அல்லது கரகரத்தால், ஹார்னில் உள்ள சிறு திருகைப் பாருங்கள். ஹார்னை அடித்துப் பார்த்தபடியே, ஒலி அறவே நிற்கும்வரை இடப்பக்கம் திருப்பி, பிறகு வலப்பக்கம் கால் சுற்று திருப்புங்கள். உள்ளே தேய்ந்துபோனதை ஈடுசெய்யவே இந்தத் திருகு. இதற்கும் மசியாவிட்டால்தான் புது ஹார்ன்.

இன்னொன்று: நடுநிசியில் ஹார்ன் தானாக அலறி, லயத்து வீடுகள் அனைத்தையும் எழுப்பினால் பதறாதீர்கள். ஸ்டீயரிங் தண்டுக்குள் பழுப்புக் கம்பி உராய்ந்து தோலுரிந்திருக்கும். சாவியை எடுத்தால் நிற்காது. அந்த பியூஸைப் பிடுங்குங்கள், நின்றுவிடும். விடிந்ததும் கம்பியை மாற்றிவிடுங்கள்.

அரை மணி நேரப் பொறுமை இருந்தால் புது ஹார்னுக்குப் போகும் வெள்ளி மிச்சம். அதைவிடப் பெரிது, வளைவில் நடந்து வரும் பிள்ளையின் உயிர்.

அடுத்த இதழில் மழைக்காலத்து வைப்பரைப் பார்ப்போம்.