ஜடேஜா போயாச்சு, சஞ்சு வந்தாச்சு... நம்ம பையன் எங்கே?

நண்பர்களே, முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது 2026 ஐ.பி.எல். சீசனுக்கு முன்னால் சென்னை சூப்பர் கிங்ஸ் எடுத்த முடிவுகளைப் பற்றிய பதிவு. அந்த முடிவுகளால் எத்தனை மேட்ச் ஜெயித்தார்கள், தோற்றார்கள் என்பது வேறு கதை. ஜெயித்தால் "என்னா செலக்‌ஷன்ல!" என்றும், தோற்றால் "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றும் பேசுகிற ஆட்கள் எங்கள் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒரு முடிவை, அதை எடுத்த நாளில் கையில் இருந்த விவரங்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர்களைப் பாருங்கள். சாரல் ஜூனில் வருமா ஜூலையில் வருமா என்று தெரியாமலேயே முன்பணம் கட்டுகிறார்கள். மழை ஏமாற்றிவிட்டால் அது அவர்கள் தப்பு இல்லை. ஆனால் அருவிக்கரையில் கடையை எடுத்துவிட்டு, துண்டும் எண்ணெயும் வாங்கி வைக்காமல் உட்கார்ந்திருந்தால்? அதற்கு மழை மேல் பழி போட முடியாது. சி.எஸ்.கே. விஷயத்திலும் எது மழை, எது துண்டு என்று பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

ஏன் இத்தனை மாற்றம்?

2025 சீசனை மறக்க நினைக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 14 மேட்ச், 4 வெற்றி, பத்தாவது இடம். சி.எஸ்.கே. கடைசி இடத்தில் முடித்தது அதுதான் முதல் தடவை. சேப்பாக்கத்தில் 2008-க்குப் பிறகு பெங்களூரிடம் தோற்றோம். ஹைதராபாத் அங்கே ஜெயித்ததே இல்லை என்ற கணக்கும் முடிந்தது. கொல்கத்தாவோடு 20 ஓவர் முழுக்க ஆடி 103 ரன். முழங்கை அடிபட்டு ருதுராஜ் வெளியே போனார், கேப்டன் பொறுப்பு மறுபடி தோனியிடம் வந்தது.

அந்த இருட்டிலும் ஒரு வெளிச்சம் இருந்தது. பாதி சீசனில் மாற்று ஆட்களாக வந்த ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் மூன்று பேரும் பயமில்லாமல் அடித்தார்கள். 17 வயது மாத்ரே பெங்களூரில் 48 பந்தில் 94 அடித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இத்தனை வருஷமாக நாம் "அனுபவம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி வெறும் வயசுதான் என்று :-) நிர்வாகத்துக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அந்தத் திசையில்தான்.

1. ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சுவை வாங்கியது

2025 நவம்பர் 15. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. எங்கள் பக்கத்தில் அன்றைக்குத் துக்க வீடு மாதிரிதான் இருந்தது. 2023 இறுதிப் போட்டியில் கடைசி 2 பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது மோகித் சர்மாவை ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்த மனிதரை எப்படிக் கொடுப்பது? "பெத்த பிள்ளைய வித்துட்டானுவ" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன்.

என்னைக் கேட்டால், கொடுத்தது சரி. மனசு ஆறவில்லை, ஆனால் கணக்கு சரியாக வருகிறது. பி.காம். படிக்கிறவனிடம் கேட்டால் தேய்மானத்தைப் பற்றித்தான் பேசுவான். அந்த நாளில் ஜடேஜாவுக்கு 37 ஆக மூன்று வாரம் இருந்தது. சஞ்சுவுக்கு அப்போதுதான் 31 முடிந்திருந்தது. ஜடேஜாவின் 2025 கணக்கு 301 ரன், 10 விக்கெட். மோசமில்லை. ஆனால் 18 கோடிக்கு அது போதாது. ராஜஸ்தானே அவரை 14 கோடிக்குத்தான் எடுத்துக்கொண்டது. சஞ்சு 18 கோடி சம்பளத்தோடு வந்தார், ஐ.பி.எல்.லில் 4,700 ரன்னுக்கு மேல் அடித்தவர், கீப்பர், தொடக்க ஆட்டக்காரர், கேப்டனாக இருந்து பழகியவர். தோனிக்குப் பிறகு கிளவுஸ் யாருக்கு என்ற கேள்வியைப் பல வருஷமாகத் தள்ளிப்போட்டார்கள். 44 வயது ஆனபிறகாவது பதில் தேடினார்களே, அதுவே பெரிய விஷயம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சந்தோஷமும் உண்டு. தென்காசியிலிருந்து சேப்பாக்கம் 600 கிலோமீட்டருக்கு மேல். பொதிகையில் ஏறினால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். சஞ்சுவின் திருவனந்தபுரம் செங்கோட்டை, புளியரை தாண்டி மலை இறங்கினால் வந்துவிடும், சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆக சி.எஸ்.கே.யில் எங்களுக்கு மிகப் பக்கத்து ஊர்க்காரர் ஒரு மலையாளி. சிரிக்கலாம். ஆனால் இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாலாவது பாயிண்டில் தேவைப்படும்.

2. இரண்டு பையன்களுக்கு 28.40 கோடி

2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலம். கையில் 43.40 கோடி, நிரப்ப வேண்டிய இடம் ஒன்பது. உத்தரப் பிரதேசத்து பிரசாந்த் வீர், ராஜஸ்தான் கார்த்திக் சர்மா ஆகிய இருவருக்கும் ஆளுக்கு 14.20 கோடி. இருவருமே இந்தியாவுக்கு ஆடாதவர்கள், அடிப்படை விலை 30 லட்சம். அதாவது கிட்டத்தட்ட 47 மடங்கு. மொத்தப் பணத்தில் 65 சதவீதம்.

"பைத்தியக்காரத்தனம்" என்று எல்லோரும் கத்தினார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். முதலில், ஏலப் பணம் நம் வீட்டுப் பணம் மாதிரி இல்லை. மிச்சம் பிடித்தால் வட்டி வராது, அந்த சீசனில் அதைக்கொண்டு ஒரு ரன் கூட எடுக்க முடியாது. அதனால் "30 லட்சப் பொருளுக்கு 14 கோடியா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. "அந்த 14 கோடிக்கு வேறு என்ன கிடைத்திருக்கும்?" என்பதுதான் கேள்வி. இரண்டாவது, ஆடும் பதினொருவரில் வெளிநாட்டுக்காரர் நாலு பேர்தான். மற்ற ஏழு பேர் இந்தியர்கள். பத்து அணிகளும் அந்த ஏழு இடத்துக்கு அலைகின்றன. நல்ல இந்திய ஆல்ரவுண்டர், நல்ல இந்திய கீப்பர் இரண்டும் எப்போதும் தட்டுப்பாட்டுச் சரக்கு. சரக்கு குறைந்து கிராக்கி ஏறினால் விலை என்னாகும் என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அதே ஏலத்தில் கேமரூன் கிரீனுக்கு 25 கோடி வரை போனார்கள், கொல்கத்தா 25.20-க்குத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு கையில் பெரிய தொகையும், வாங்க வேண்டிய ஆட்கள் கொஞ்சமும். இரண்டு பையன்களின் விலையும் அவ்வளவு ஏறியதற்கு அந்தக் கை அரிப்பும் ஒரு காரணம் என்பது என் ஊகம். இன்னொன்று, 20 வயதுப் பையன் தலையில் 14 கோடியை ஏற்றினால் அவன் ஒவ்வொரு டக் அவுட்டும் பங்குச் சந்தை செய்தி மாதிரி ஆகிவிடும். அதைத் தாங்கிப் பிடிக்கிற பொறுப்பு வாங்கியவர்களுக்குத்தான் உண்டு.

3. பதிரானாவை விட்டது

இது எனக்குப் புரியவே இல்லை. 2023-ல் 12 மேட்சில் 19 விக்கெட். கோப்பையில் பாதி அவர் யார்க்கரில் இருந்தது. 2025-ல் ஓவருக்கு 10 ரன்னுக்கு மேல் கொடுத்தார், உண்மைதான். ஆனால் அவருக்கு வயது 22. 13 கோடிக்குக் கையில் இருந்தவரை விட்டார்கள், கொல்கத்தா 18 கோடி கொடுத்து வாங்கியது. நாம் விற்ற விலைக்கு மேல் சந்தை கொடுக்கிறது என்றால் நாம் அவசரப்பட்டிருக்கிறோம் என்று அர்த்தம். நேதன் எல்லிஸ் கையில் இருந்தார், மேட் ஹென்றியை 2 கோடிக்கு எடுத்தார்கள், 2025-ல் 24 விக்கெட் எடுத்த நூர் அகமதுவும் உண்டு. இருந்தும் கடைசி நாலு ஓவருக்கு பதிரானா மாதிரி ஒரு ஆளை வளர்க்க மூன்று வருஷம் ஆகிறது. வளர்த்ததும் சி.எஸ்.கே.தான், விட்டதும் சி.எஸ்.கே.தான்.

4. இனி துண்டு, எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன்

ஏலம் முடிந்த அன்று 25 பேர் பட்டியலை எடுத்து, தமிழ்நாடு அணிக்கு ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். விரல் மடக்கவே வேலையில்லை. குர்ஜப்னீத் சிங் ஒருவர்தான். அஸ்வின் 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். விஜய் சங்கரை விட்டார்கள். 30 லட்சத்துக்கு எடுத்த ஆந்த்ரே சித்தார்த்தை ஒரு மேட்ச் கூட ஆடவைக்காமல் விட்டார்கள். புதிதாக எடுத்த ஒன்பது பேரில் தமிழ்நாட்டுக்காரர் பூஜ்யம்.

உடனே "கிரிக்கெட்டில் எதுக்குல ஊர்ப்பாசம்? தோனி என்ன மயிலாப்பூரா?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இட ஒதுக்கீடு கேட்டு நான் வரவில்லை. இது லாப நஷ்டக் கணக்கு.

சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசனும் சி.எஸ்.கே.யில் பெஞ்சில் இருந்தார். ஒரு மேட்ச் கூடக் கிடைக்கவில்லை. 2022-ல் குஜராத் 3 கோடிக்கு எடுத்தது, 2025-ல் அவர்களுக்கு 19 விக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஜெகதீசனை 2022 நவம்பரில் விட்டார்கள். அதே மாதம் விஜய் ஹசாரேயில் தொடர்ந்து ஐந்து சதம், அதில் ஒன்று 277. சாய் சுதர்சன்? டி.என்.பி.எல்.லில் எல்லோர் கண் முன்னாலும் அடித்தவர். 2022 ஏலத்தில் அடிப்படை விலையான 20 லட்சத்துக்கே குஜராத்துக்குப் போனார். அப்படியென்றால் போட்டிக்கு யாருமே கை தூக்கவில்லை என்று அர்த்தம். மறுவருஷ இறுதிப் போட்டியில் நமக்கு எதிராகவே 47 பந்தில் 96. ஜடேஜா காப்பாற்றினார், பிழைத்தோம். 2025-ல் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பியும் வாங்கினார்.

இதெல்லாம் அதிர்ஷ்டக் கணக்கு இல்லை. டெல்லிக்காரரும் அகமதாபாத்காரரும் ஆள் அனுப்பித் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல், நமக்கு வீட்டு வாசலில் கிடக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் அமேதியில் போய் 14 கோடிக்கு வாங்குகிறோம். 25 இடம்தானே, எல்லோருக்கும் எங்கே இடம் என்று கேட்டால் நியாயம்தான். ஒன்பது பேரில் ஒன்று, 30 லட்சத்துக்கு, நாலு மேட்ச் ஆடவைக்கும் உத்தேசத்தோடு. அவ்வளவுதான் கேட்கிறேன். ஏலம் முடிந்தபோது 2.40 கோடி மிச்சம் வேறு.

2008-ல் இந்த அணிக்கு பத்ரிநாத் இருந்தார். பாலாஜி ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக்கை சேப்பாக்கத்தில் எடுத்தார். 2011 இறுதிப் போட்டியில் முரளி விஜய் 95, அஸ்வின் முதல் ஓவரிலேயே கெயிலைக் காலி செய்தார். உள்ளூர்ப் பையன்களை வைத்துக் கோப்பையும் வாங்கலாம் என்று காட்டியதே இந்த அணிதான்.

எங்களுக்கு இது ஏன் வலிக்கிறது என்று சென்னை நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த அணியை 2008-ல் வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ். அந்தக் கம்பெனியின் முதல் ஆலை 1949-ல் தொடங்கியது எங்கள் தாழையூத்து சங்கர் நகரில். 2024 டிசம்பரில் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது, கிரிக்கெட் அணி அதற்கு முன்பே தனிக் கம்பெனி ஆகிவிட்டது. ஆனால் ஆலைப் பக்கத்து மைதானத்தில்தான் 2023 டி.என்.பி.எல். இறுதிப் போட்டி நடந்தது. எங்கள் நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் தோற்றது, அது வேறு சோகம். தாமிரபரணிக் கரைச் சிமெண்டுப் பணத்தில் பிறந்த அணியில் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் ஆடுவதைப் பார்க்க ஆசைப்படுவது பேராசையா?

எங்கள் கல்லூரி அணியில் ஒரு இடது கை ஸ்பின்னர் இருக்கிறான். மேட்டிங் விக்கெட்டில் அவன் பந்தை வலையில் ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். அவன் அடுத்த படிக்குப் போக வேண்டுமானால் சென்னையில் அறை எடுத்துத் தங்கி லீக் ஆட வேண்டும். அப்பாவுக்கு இலஞ்சிப் பக்கம் கொஞ்சம் நெல் வயல். "போனா என்ன கிடைக்கும்?" என்று அவர் கேட்கிறார். சாய் கிஷோரையும் நடராஜனையும் காட்டலாம். ஆனால் "நம்ம ஊர் டீம் எடுக்குமா?" என்று கேட்டால் சொல்ல பதில் இல்லை. ஒரு அணியின் தேர்வு முடிவு இத்தனை தூரம் வந்து ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காருகிறது. நிர்வாகத்துக்கு அது ஒரு 30 லட்சம் இடம். இங்கே அது ஒரு அப்பா சரி என்பதா, வேண்டாம் என்பதா.

என் மார்க்: சஞ்சுவுக்கு 10-க்கு 8. இரண்டு பையன்களுக்கு 6, திசைக்காக. பதிரானாவுக்கு 3. உள்ளூர்த் தேர்வுக்கு 0, அதுவும் இரக்கப்பட்டு.

டிஸ்கி: ஜடேஜா ரசிகர்கள் யாரும் என்னை அடிக்க வர வேண்டாம். பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கித் தருகிறேன், பேசித் தீர்த்துக்கொள்வோம். சாம் கரன் ரசிகர்கள் தங்கள் பில்லைத் தாங்களே கட்டிக்கொள்ளவும் :-)