விழுமுன் நீள வேண்டிய உதவிக்கரம்

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய், பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள், ஒருவர் பொருளீட்டத் தொடங்கிக் குடும்பப் பொறுப்பைத் தோளில் ஏற்கும் பருவத்தில் தலைகாட்டுகிறது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குகிறது. பார்வை மங்கல், கால் மரத்துப்போதல், நடைத் தள்ளாட்டம், ஓய்வெடுத்தும் தீராத அயர்ச்சி என அது பல வடிவங்களில் வெளிப்படும். பலருக்குச் சில வாரங்களில் தணிந்து, பின்னர் மீண்டும் தாக்கும். இதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. எனினும் தாக்குதல்களைக் குறைத்து, உடல் முடங்குவதைத் தள்ளிப்போடும் மருந்துகள் உண்டு. அவற்றை விரைவில் தொடங்கி, மருத்துவர் கூறும் காலம்வரை தவறாமல் எடுத்துக்கொண்டால்தான் முழுப் பயன் கிட்டும்.

பணத்தின் கேள்வி இங்குதான் எழுகிறது. நம் உதவித் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே கேட்கின்றன: "மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கிறீர்களா?", "உடற்குறைபாடு எத்தனை விழுக்காடு?" இந்த நோய்க்கான செலவோ இவ்விரண்டுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. எண்ணற்ற இல்லங்களைக் கடனிலிருந்து காத்த திட்டம் அது. ஆனால் அதன் அடிப்படை மருத்துவமனைச் சிகிச்சையே. மாதந்தோறும் வாங்கும் மருந்து, இடையிடையே எடுக்கும் எம்.ஆர்.ஐ., இயன்முறைச் சிகிச்சை, ஆட்டோக் கட்டணம், உடன் வருபவர் இழக்கும் ஒருநாள் ஊதியம் ஆகியவை பெரும்பாலும் குடும்பத்தின் கையிலிருந்தே செல்கின்றன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வகுத்த 21 வகைக் குறைபாடுகளில் இந்நோயும் இடம்பெற்றது பெரும் முன்னேற்றம். தமிழ்நாடு அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையிலும் இந்நோயாளர்கள் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆயினும் அச்சட்டத்தின் முக்கியச் சலுகைகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு வேண்டும். அயர்ச்சியும் நினைவுத் தடுமாற்றமும் கண்ணுக்குத் தெரியாதவை. விழுக்காட்டுக் கணக்கில் எளிதில் அகப்படாதவை. ஆகவே, கடன் வாங்கி மருந்து உட்கொண்டு நடமாடுபவர் உதவிக்கு வெளியே நிற்கிறார்; மருந்தை விட்டு நடையை இழந்தவர் உள்ளே வருகிறார். எந்த இழப்பைத் தடுப்பதற்குப் பணம் தேவைப்பட்டதோ, அந்த இழப்பே பணத்தைப் பெறும் தகுதியாகிவிடுகிறது. இது மாற வேண்டும்.

விலையுயர்ந்த மருந்துகளை அரசு எப்படித் தாங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்நோய்க்கான எல்லா மருந்தும் எட்டாத விலையில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இந்நோய்க்காக கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்ஸிமாப் ஆகிய மூன்றைச் சேர்த்தது. இவற்றுள் ரிட்டுக்ஸிமாப்பின் உயிரி ஒப்புமருந்து 2007 முதல் இந்தியாவிலேயே தயாராகிறது. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைப்பதில் நாட்டுக்கே வழிகாட்டியது 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து தருகிறது. முடங்கியபின் பார்ப்பதைவிட முடங்காமல் காப்பதே சிக்கனம் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

இந்தச் சிந்தனை நம் பகுதிக்கும் புதிதன்று. திருவான்மியூருக்கு அருகே தரமணியில் உள்ள வி.எச்.எஸ். நிறுவனத்தை 1958இல் தோற்றுவித்த மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி, குடும்பத்தின் வருமானத்துக்கேற்ப ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே பெற்று மருத்துவம் அளிக்கும் முறையை வகுத்தார். நோய் வந்தபின் பணம் தேடி அலையாமல், இயன்ற அளவில் முன்பே செலுத்திவைப்பது அதன் கருத்து. காப்பீடு கட்டிலோடு நின்றுவிடாமல் புறநோயாளியின் மருந்துச் சீட்டுக்கும் நீள வேண்டும் என்பதே இன்று நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கை.

அதுவரை குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. பணமுடையால் மருந்தை நிறுத்தும் முடிவை வீட்டிலேயே எடுத்துவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென விட்டால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். "இவ்வளவுதான் எங்களால் இயலும்" என்று நரம்பியல் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். விலை குறைந்த மாற்று உங்களுக்குப் பொருந்துமா என்பதை அவரே முடிவு செய்ய இயலும். தாக்குதல் நேரும் ஒவ்வொரு முறையும் அதன் நாள், அறிகுறி, சிகிச்சை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள், எம்.ஆர்.ஐ. அறிக்கைகளையும் டிஸ்சார்ஜ் சுருக்கங்களையும் ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். கண்ணுக்குத் தெரியாத பாதிப்புக்கு அந்தக் கோப்பே சாட்சி. குறைபாடு நிலைத்துவிட்டதாக மருத்துவர் கருதினால், தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். 1985இல் தொடங்கப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. இதே வழியில் முன்னே சென்றவர்களை அங்கே சந்திக்கலாம்.

உதவி கேட்பது இரத்தல் அன்று. நடக்கும் ஒருவரைத் தொடர்ந்து நடக்கவும், உழைக்கும் ஒருவரைத் தொடர்ந்து உழைக்கவும் வைப்பது சமூகத்துக்கே ஆதாயம். அதை நோயாளர்களும் குடும்பத்தினரும் ஒரே குரலில் சொன்னால், திட்டம் வகுப்போர் செவிகளுக்கு எட்டாமல் போகாது.