மேட்டூர் சாம்பல் செங்கல் ஆனது எப்படி? கழிவுக்குச் சந்தை உருவாக்கிய அரசு விதி

சேலம், நாமக்கல் பக்கம் வீடு கட்டுறவங்களுக்கு இப்போ இரண்டு வழி இருக்கு. ஒன்று சூளையில் சுட்ட சிவப்புக் கல். இன்னொன்று சாம்பல் நிற ஃபிளை ஆஷ் கல். இந்த இரண்டாவது கல்லுக்குச் சந்தை தானாக வரவில்லை. அரசு விதி போட்டுத்தான் வந்தது.

சாம்பல் எங்கிருந்து வருகிறது?

மேட்டூர் அனல்மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். இந்திய நிலக்கரியை 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். தேங்கினால் காற்றும் நீரும் கெடும்.

அரசு என்ன செய்தது?

1999 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அனல்மின் நிலையத்திலிருந்து 50 கி.மீ. சுற்றளவில் உள்ள சூளைகள், மண்ணோடு 25% சாம்பல் கலக்க வேண்டும். மின் நிலையங்கள் 10 ஆண்டுகளுக்குச் சாம்பலை இலவசமாகத் தர வேண்டும். வளமான மேல்மண்ணைக் காப்பதும் இதன் நோக்கம்.

நேர்கோட்டில் அளந்தால் சேலம் இந்த வட்டத்துக்குள் வரும், நாமக்கல் வராது. 2003-ல் எல்லை 100 கி.மீ. ஆனதும் நாமக்கல்லும் உள்ளே வந்தது. கட்டுமான நிறுவனங்களும் சாம்பல் கல் வாங்க வேண்டும் என்று அப்போது சேர்த்ததுதான் முக்கியமான திருப்பம். 2016-ல் எல்லை 300 கி.மீ. ஆனது. மதுரையே உள்ளே வந்துவிட்டது.

இப்போ என்ன சிக்கல்?

2021 டிசம்பர் அறிவிக்கைப்படி சாம்பலை 100% பயன்படுத்த வேண்டும். தவறும் மின் நிலையத்துக்கு டன்னுக்கு ரூ.1,000 இழப்பீடு. ஆனால் வாங்குபவருக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: மாற்றுப் பொருளைவிட விலை கூடாமல் கிடைத்தால் மட்டுமே சாம்பல் கல் கட்டாயம்.

அதாவது லாரி வாடகையும் சிமெண்ட் விலையும் ஏறி கல் விலை கூடினால், கட்டாயமும் போச்சு. சிமெண்ட் ஆலைகளுக்கும் இதே சாம்பல் தேவை. மொத்தமாக அள்ளும் ஆலையோடு சின்னப் பட்டறை போட்டி போட முடியுமா?

அடுத்தது பிளாஸ்டிக்

2022-ல் வந்த விதி, கடினமான பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் 2025-26-ல் 30%, 2028-29-ல் 60% மறுசுழற்சிப் பொருள் இருக்க இலக்கு வைத்தது. இதுவும் வாங்குபவரைக் கட்டாயப்படுத்தும் அதே வழிதான்.

கழிவைச் சேகரிப்பது பாதி வேலை. அதில் செய்த பொருளை யாராவது வாங்கினால்தான் மீதிப் பாதி முடியும். பள்ளிக் கட்டடம், அங்கன்வாடி, சுற்றுச்சுவர் என்று அதிகம் கட்டுவது அரசு. ஆகவே முதல் வாடிக்கையாளரும் அரசாகத்தான் இருக்க வேண்டும். உங்க ஊர்ல அடுத்து எழும் அரசுக் கட்டடத்துக்கு எந்தக் கல் இறங்குதுன்னு பாருங்க!