கையெழுத்துக்குப் பிணை இந்தப் பிள்ளைகளா?

பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திய கதையை வாசகர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மும்மொழிக் கொள்கை, கூட்டாட்சி பற்றிய வாதங்கள் உச்ச நீதிமன்றத்தில் நடக்கட்டும். நம் ஆத்திரம் வேறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் சிறப்புப் பயிற்றுநருக்குச் சம்பளமும், அவர்களைப் பள்ளிக்குக் கூட்டிவரும் துணையாளுக்குப் படியும் சமக்ர சிக்ஷாவிலிருந்துதான் வருகின்றன.

பங்குனிப் பொங்கலுக்கு விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்க்கும் சீமை, விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டையும் திருச்சுழியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத ஆட்டிசப் பிள்ளை, அங்கே கேட்ட பாட்டை மெட்டுப் பிசகாமல் பாடுவதுண்டு. அதே பிள்ளையைப் பள்ளிக் கலைத் திருவிழாவில் மேடையேற்றுவதுதான் பெரும்பாடு. மைக் கீச்சிட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடும். அடுத்து என்ன நடக்கும் என்று படம் காட்டிப் பழக்க வேண்டும். ஒத்திகைக்கு அதே நேரம், அதே அறை, முக்கியமாக அதே பயிற்றுநரின் முகம் வேண்டும். முகம் மாறினால் மாதக்கணக்கில் பழக்கியதெல்லாம் போச்சு. நின்றுபோன நிதிக்கு மாநில அரசு கைப்பணத்தைப் போட்டுச் சமாளிப்பதாகச் சொன்னது. இருக்கலாம். அடுத்த மாதம் சம்பளம் வருமா என்ற சந்தேகம் ஒன்று போதாதா, ஒப்பந்தப் பயிற்றுநர் வேறு வேலை தேடிக் கிளம்ப? (2012இல் அமர்த்திய ஓவிய, இசை ஆசிரியர்களைப் பத்தாண்டு கடந்தும் பகுதிநேரமாகவே வைத்திருந்த மாநிலமும் பெருமைப்பட ஒன்றுமில்லை.)

ஆட்டமும் பாட்டும் நாடகமும் இந்தப் பிள்ளைகளைத் திறக்கும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் பெயர் தாங்கிய ‘ரமண சுந்ருத்ய ஆலயா’ 1989 முதல் சென்னையில் அதைத்தான் செய்துவருகிறது. கரிசல்காட்டுப் பிள்ளை சென்னைக்கா போகும்? அதற்குக் கதி அரசுப் பள்ளிதான்.

தில்லியில் முடிவெடுப்பவர்களுக்கு இந்தப் பிள்ளைகள் என்றைக்குக் கண்ணில் பட்டார்கள்? 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் சேர்த்து, கலைகளில் பங்கேற்கும் உரிமையையும் எழுதிவைத்தார்கள். மறு ஆண்டே மாற்றுத்திறனாளிகளின் சக்கர நாற்காலிக்கு ஜிஎஸ்டி போட்டார்கள். 2018இல் விருதுநகரைப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் வைத்துக் கைதூக்கிவிடப் போவதாக முழங்கினார்கள். அந்தக் கைதான் பிறகு பணத்தைப் பிடித்துவைத்தது.

இந்தப் பிள்ளைகளின் பங்கையாவது வழக்கிலிருந்து பிரித்து விடுவியுங்கள். எந்தத் தலைப்பில், எந்த விதியில் என்று எங்களைக் கேட்காதீர்கள். நிறுத்துவதற்கு விதி தேடிப் பிடித்தவர்கள், கொடுப்பதற்கும் ஒன்றைத் தேடட்டும்.